ரெனசான்ஸ் ஃபேர்: கடைத்தெருவை விட்டு மேடைக்கு முன்னால் உட்காருங்கள்

கேள்வி: மேரிலாந்து ரெனசான்ஸ் ஃபேருக்கு முதல்முறை போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, 6 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஏற்கெனவே போய்வந்த நண்பர்கள் "கூட்டம், புழுதி, தொட்டதெல்லாம் விலை" என்கிறார்கள். அங்கே என்னதான் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

பதில்:

ரெனசான்ஸ் ஃபேர் என்பது பழங்கால ஐரோப்பியக் கிராமத்தை நடித்துக்காட்டும் திருவிழா. உங்கள் நண்பர்கள் அநேகமாக மதியம் 1 மணிக்கு உள்ளே போயிருப்பார்கள். கடைத்தெருவில் ஒரு சுற்று, கையில் ஒரு வான்கோழிக் கால், கூட்டத்தின் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்த அரைகுறைக் குதிரைச் சண்டை, அவ்வளவுதான். அப்படிப் போனால் அது விலை கூடிய சந்தைதான், அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் ஃபேரின் சரக்கு கடைகளில் இல்லை, மேடைகளில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டால் உள்ளே ஷோக்களுக்குத் தனிச்சீட்டு கிடையாது. குதிரைச் சண்டையும் அதில் சேர்த்தி. ஆகவே நாளை ஷோ நேரங்களைச் சுற்றித் திட்டமிட்டு, மிஞ்சிய இடைவெளியில் கடை பாருங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுக் கால்வலியோடு திரும்புகிறார்கள்.

முதலில் இடத்தைப் பற்றி. இந்த விழா 1977இல் மேரிலாந்தின் கொலம்பியாவில் தொடங்கியது. இப்போது அனாபலிஸ் அருகே கிரவுன்ஸ்வில்லில், மரங்கள் அடர்ந்த நிரந்தர வளாகத்தில் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் பிற்பகுதி வரை சனி, ஞாயிறு, கூடவே லேபர் டே திங்கள். காலை 10 முதல் மாலை 7 வரை. அந்த வளாகத்துக்கு ரெவல் குரோவ் என்று கற்பனைப் பெயர் வைத்து, ஆறு முறை மணந்த 16ஆம் நூற்றாண்டு ஆங்கில அரசர் எட்டாம் ஹென்றி ஆண்ட காலத்துக் கிராமமாக நடத்துகிறார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் அவர் ஆட்சியில் ஒரு குறிப்பிட்ட ஆண்டு. அதனால் அரசி யார், அரசவையில் யாருக்கு மவுசு, யார் தலை ஆடுகிறது எல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறும். 11 வயதுப் பிள்ளைக்கு அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று முந்தின இரவே கால்மணி நேரம் சொல்லிவிடுங்கள். தெருவில் எதிர்ப்படும் அரசியை யாரென்று தெரிந்து வணங்குகிற குழந்தையிடம் அந்த நடிகை நின்று பேசிவிட்டுத்தான் போவார்.

சீட்டு குறிப்பிட்ட நாளுக்கானது. முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். அக்டோபர் சனிக்கிழமைகள் சீக்கிரம் விற்றுத் தீரும். மழை பெய்தாலும் விழா நடக்கும், பணம் திரும்பாது. என்னைக் கேட்டால் செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிறு நல்லது: ஆகஸ்ட் வெயில் தணிந்திருக்கும், அக்டோபர் நெரிசல் வந்திருக்காது. எந்த நாளானாலும் 9.30க்குள் கார் நிறுத்துமிடத்தில் இருங்கள். உள்ளூர்ச் சாலைகள் குறுகலானவை. 11 மணிக்குக் கிளம்பி வருகிறவர்கள் கடைசி சில மைலில்தான் நாளைத் தொலைக்கிறார்கள்.

இனி நேரக்கணக்கு. ஒரு மேடை ஷோ 30 நிமிடம், சில 40. நல்ல இடம் பிடிக்க 15 நிமிடம் முன்னால், முடிந்ததும் 5 நிமிடம், அடுத்த இடத்துக்கு நடக்க 10 நிமிடம். ஆக ஒரு ஷோவுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். பெரியவர்களும் சிறுபிள்ளையும் இருக்கும் குடும்பம் ஒரு நாளில் நிதானமாகப் பார்க்கக்கூடியது ஒரு ஜௌஸ்ட்டும் (அதாவது குதிரைச் சண்டை) நான்கு மேடை ஷோக்களும். அதற்கு மேல் போட்டால் நாலு மணிக்குள் யாராவது அழுவார்கள், பெரும்பாலும் பெரியவர்கள்.

நிகழ்ச்சி நிரலை முந்தின நாளே இணையத்தில் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே ஷோ ஒரு நாளில் மூன்று நான்கு முறை வரும். அன்று ஒரே ஒரு முறை நடப்பதை முதலில் கட்டத்தில் போடுங்கள். அடுத்து இரண்டு முறை நடப்பவை. நான்கு முறை நடப்பவற்றைக் கடைசியில், கிடைத்த இடைவெளியில் செருகுங்கள். பிடித்த ஷோவை முதலில் எழுதத் தொடங்கினால் ஒருமுறை மட்டும் நடப்பது நழுவிவிடும். இன்னொன்று: பல மேடைகள் ஒரே அரைமணிக் கணக்கில் தொடங்கி முடிகின்றன. 12.30க்கு ஒரு மேடையில் முடித்துவிட்டு 12.30க்கே வேறொரு மேடையில் உட்கார முடியாது.

நாளின் முதல் ஷோவுக்கும் கடைசி ஷோவுக்கும் வேறுபாடு உண்டு. காலை 10.30 ஷோவில் கூட்டம் குறைவு, கலைஞர் கூட்டத்தோடு சாவகாசமாகப் பேசுவார். பிள்ளைகளுக்கு அதுதான் ஏற்றது. மாலை ஷோக்களில் கூட்டமும் சத்தமும் அதிகம், வாயும் கொஞ்சம் நீளும். நிரலில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற குறிப்பு இருந்தால் அதை நம்புங்கள்.

ஜௌஸ்ட் என்பது இரண்டு வீரர்கள் கவசத்தோடு குதிரையேறி, நடுவேலிக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக ஓடிவந்து ஈட்டியால் மோதுவது. இதை விளையாட்டாகவே வைத்திருக்கும் மாநிலம் மேரிலாந்து. 1962இல் சட்டம் போட்டுத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக அறிவித்தது. உள்ளூர்ப் போட்டிகளில் ஆளை மோதுவதில்லை, தொங்கும் வளையத்தை ஓடும் குதிரையிலிருந்து ஈட்டியால் கோத்து எடுப்பார்கள். ஃபேர்களில் பொதுவாக நாளின் முதல் காட்சி இந்த மாதிரித் திறன் விளையாட்டு, நடுக்காட்சியில் மோதல், கடைசிக் காட்சியில் கதைக்கு முடிவு, வாள்சண்டை, "சாவு" என்று படிப்படியாக ஏறும். ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நடுக்காட்சி. கடைசிக் காட்சியில் ரத்த வேடிக்கை இருந்தால் 6 வயதுக்காரர் ராத்திரி தூங்கமாட்டார்.

எங்கே உட்காருவது? மோதல் வேலியின் நடுப்பகுதியில்தான் நடக்கும், முனைகளில் உட்கார்ந்தால் குதிரை திரும்புவதை மட்டும் பார்ப்பீர்கள். வீரர்கள் ஒருவரையொருவர் இடப்பக்கமாகக் கடக்கிறார்கள். வலக்கையில் பிடித்த ஈட்டி குதிரையின் கழுத்துக்கு மேலாகக் குறுக்கே நீளும். அதனால் உங்கள் பக்கம் ஓடுகிறவரின் முதுகும் வலத்தோளும்தான் தெரியும். வேலிக்கு அப்பால் வருகிறவரின் கேடயம் உங்களை நேராகப் பார்க்கும். கைதட்டல் உங்கள் பக்கத்து வீரருக்கு இருக்கட்டும், கண் எதிர்ப்பக்கத்து வீரர் மேல் இருக்கட்டும். ஈட்டி நொறுங்குவது அங்கேதான் தெரியும். நொறுங்குவதற்காகவே முன்முனையில் பால்சா போன்ற மெல்லிய மரத்துண்டு பொருத்தியிருப்பார்கள். அடிப்பகுதி கெட்டி மரம். கவசத்தின் எடை 35 முதல் 45 கிலோ வரை வரும். அதையும் ஆளையும் சுமக்கிறவை பெர்ஷரான் போன்ற கனத்த குதிரைகள்.

இந்த மோதல் நாடகமா, நிஜமா? சில குழுக்கள் முழுவதும் ஒத்திகை பார்த்து ஆடுபவை. விழுகிறவர் அங்கவடியிலிருந்து முன்பே காலை விடுவித்துக்கொண்டு உருண்டு விழுவார். சில குழுக்கள் யார் ஜெயிப்பது என்று முடிவு செய்யாமலே நிஜமாக மோதுகின்றன. புள்ளிக்கணக்கு அறிவித்து, வசனம் குறைவாக, ஓட்டத்துக்கு ஓட்டம் கவசத்தைச் சரிபார்த்தால் அது இரண்டாம் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒத்திகை பார்த்ததென்றால் இளக்காரம் வேண்டாம், ஓடுகிற குதிரையிலிருந்து கவசத்தோடு விழுவதை யாரும் நடித்துவிட முடியாது. இந்த விளையாட்டு அரசர்களையே சாய்த்தது. எட்டாம் ஹென்றி 1536 ஜனவரியில் கிரீனிச்சில் குதிரையோடு விழுந்து, அதன்பின் ஜௌஸ்ட்டை விட்டார். பிரான்சின் இரண்டாம் ஆன்றி 1559இல் முகமூடிக்குள் ஈட்டிச் சிம்பு பாய்ந்து பத்து நாளில் இறந்தார். களம் சேறாகிவிட்ட நாளில் குதிரை மோதலை விட்டுவிட்டுத் தரைச்சண்டை மட்டும் காட்டுவார்கள். வழுக்கினால் குதிரையின் கால் போய்விடும் என்பதுதான் காரணம், ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். வேலி ஓரத்தில் குடை விரிப்பது, பலூன், துணி வீசுவது எதுவும் வேண்டாம், குதிரை மிரளும். 25 நிமிடம் முன்னால் போனால் போதும். வெயில் முதுகுப் பக்கம் விழும் வரிசையாகப் பாருங்கள்.

பறவை ஷோ இருந்தால் அதைக் காலையில் வையுங்கள். வேட்டைப் பறவைகளைப் பழக்கிப் பறக்கவிடும் நிகழ்ச்சி இது: பைரி, ஹாரிஸ் பருந்து, கூகை, பெரிய கொம்பன் ஆந்தை போன்றவை வரும். பழக்குநர் தினமும் காலையில் பறவையை எடை போடுவார். எடை கொஞ்சம் கூடினாலும் அதற்குப் பசி இருக்காது, கூப்பிட்டால் வராது, பக்கத்து ஓக் மரத்தில் உட்கார்ந்துவிடும். மதியம் நிலம் சூடாகி மேலே எழும் காற்றில் பைரி உயர உயரப் போய்விடும், உச்சிவெயிலில் பறவை பறக்கவே மறுக்கும். மதியக் காட்சியில் "இன்று பறக்கவில்லை" என்று கேள்விப்படுவது இதனால்தான். பறவை தலைக்கு மேல் தாழ்ந்து பறக்கும்போது எழுந்து நிற்காதீர்கள், பிள்ளையின் கையை உயர்த்தவிடாதீர்கள், கையில் இறைச்சி எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் தேவைப்படாத ஷோ இது.

பெற்றோரோடு போகிறவர்கள் ஷோ தேர்ந்தெடுக்கும்போது இதை முதலில் யோசிக்க வேண்டும். ஃபேரில் பாதி ஷோக்கள் சிலேடையிலும் இரட்டை அர்த்தத்திலும் ஓடுகின்றன. ஷேக்ஸ்பியரை அரைமணியில் கிழித்துத் தோரணம் கட்டும் குழுக்கள், துணி வெளுக்கும் பெண்களாக வந்து பார்வையாளரை வம்புக்கு இழுக்கும் நகைச்சுவைகள், எல்லாம் பேச்சு. ஆங்கிலம் பழகாதவருக்கு அரைமணி நேரம் பெஞ்சு வலி மட்டும் மிஞ்சும். அவர்களுக்குக் கழைக்கூத்து மாதிரியான வித்தைகள், கயிற்று நடை, தீ விளையாட்டு, கத்தி விழுங்குதல், கண்ணாடி ஊதுதல், கொல்லர் பட்டறை. கண்ணாடி ஊதுகிற இடத்தில் என் அனுமானத்தில் பெரியவர்கள் ஜௌஸ்ட்டைவிட அதிக நேரம் நிற்பார்கள். உருகிய உருண்டை குடுவையாவதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

கத்தி விழுங்குதலில் கண்கட்டு எதுவும் இல்லை. மடங்கும் கத்தி, குழாய்க்குள் ஒளியும் கத்தி என்பதெல்லாம் கதை. தலையைப் பின்னால் சாய்த்து வாய், தொண்டை, உணவுக்குழாயை ஒரே கோடாக்கி, குமட்டும் அனிச்சையைப் பல மாதப் பழக்கத்தில் அடக்கி, எஃகுத் தகட்டை வயிறு வரை இறக்குகிறார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2006இல் வந்த ஆய்வு ஒன்று, குறைந்தது 2 செ.மீ. அகலமும் 38 செ.மீ. நீளமும் உள்ள திடமான கத்தியை விழுங்குபவரை மட்டும் கணக்கில் எடுத்தது. காயங்கள் பெரும்பாலும் கவனம் சிதறும்போதோ, பல கத்திகளையோ வழக்கத்துக்கு மாறான கத்தியையோ முயலும்போதோ வந்தன என்று கண்டது. ஒருவருக்குத் தோளில் இருந்த பஞ்சவர்ணக் கிளி சேட்டை செய்து கவனம் சிதறியதால் உணவுக்குழாய் கிழிந்திருக்கிறது. அதனால் கத்தி உள்ளே இருக்கும்போது கூவுவது, கேமரா ஃபிளாஷ் அடிப்பது இரண்டும் கூடாது. வெளியே எடுத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள். மேரிலாந்தில் இந்தக் கலைக்குத் தனி மரியாதை: ஜானி ஃபாக்ஸ் 30 ஆண்டுகளுக்கு மேலாக இதை அங்கே நிகழ்த்தி 2017இல் மறைந்தார். இந்த வித்தையை லண்டன் மேடையில் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் 1810களில் அங்கே போன ராமோ சாமி என்ற இந்திய வித்தைக்காரர். 1850இல் லண்டனிலேயே இறந்தார். அப்பாவிடம் இதைச் சொல்லி அழைத்துப் போனால் முதல் வரிசையில் உட்காருவார்.

முதல் வரிசை என்றதும் ஒரு எச்சரிக்கை. பார்வையாளரை மேடைக்கு இழுக்கும் ஷோக்களில் ஆள் பிடிப்பது முதல் நான்கு வரிசைகளில், நடைபாதை ஓரத்து இருக்கைகளில்தான். பளிச்சென்ற சட்டையும் பெரிய தொப்பியும் கண்ணில் படும். மாட்டிக்கொள்ள விருப்பமில்லையென்றால் ஐந்தாம் வரிசைக்குப் பின், நடுவில். கூப்பிட்டும் போக மனமில்லையென்றால் சிரித்துத் தலையசையுங்கள், தொழில் தெரிந்தவர் அடுத்தவரிடம் போய்விடுவார். போனவர்கள் சொன்னதைச் செய்தால் போதும். தானாக ஜோக் அடிக்க முயன்றால் ஷோவும் கெடும், நீங்களும் மாட்டுவீர்கள். சில ஃபேர்களில் சேற்றுக்குழிக்குள் நாடகம் போடுகிறார்கள். அங்கே முதல் வரிசைக்காரர் மாற்றுச் சட்டையோடு வர வேண்டும்.

இப்போது தொப்பி. ஷோ முடியும் நேரத்தில் கலைஞர் தொப்பியை நீட்டுவார். பலருக்கு ஃபேர் கொடுக்கும் தொகை சொற்பம், வண்டிக்கும் தங்குவதற்கும் தொப்பிக் காசுதான். கூத்தில் கட்டியக்காரன் கூட்டத்தைக் கேலி பேசிக்கொண்டே பணம் வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பெரியவர் ஒருவருக்கு 5 டாலர், குடும்பமாக 10 முதல் 20 என்பது கௌரவமான கணக்கு. ஐந்தும் பத்துமாக 60 முதல் 80 டாலர் வரை சில்லறையாக வங்கியிலேயே மாற்றிக்கொண்டு போங்கள். உள்ளே ஏடிஎம் வரிசையும் கட்டணமும் பெரிது, அது தருவதும் 20 டாலர் தாள்கள்தான். பலர் இப்போது கியூஆர் குறியும் வைத்திருக்கிறார்கள், ஆனால் கூட்டம் கூடினால் செல்பேசிச் சிக்னல் படுத்துவிடும். பணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். கொடுக்க இயலாதவர் கைதட்டிவிட்டு நேராக முகம் பார்த்து நன்றி சொல்லலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. தொப்பி வெளியே வரும் கடைசி நிமிடத்தில் கூட்டமாக எழுந்து ஓடுவதுதான் அசிங்கம். போவதென்றால் ஷோ நடுவே பின்வரிசையிலிருந்து சத்தமில்லாமல் போங்கள்.

தொப்பிக்கு ஆடுவதால்தான் இவர்களின் தரம் கூர்மையானது. அரைமணியில் கூட்டத்தைக் கட்டிப்போடாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அமெரிக்காவில் இந்த விழாக்கள் 1963இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியையும் அவர் கணவரும் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட நடத்திய ஃபேரிலிருந்து கிளைத்தவை. பென், டெல்லர் என்ற புகழ்பெற்ற மாயவித்தை ஜோடி முதன்முதலில் ஒன்றாக மேடையேறியது 1975இல் மினசோட்டா ஃபேரில்தான்.

உடை கட்டாயமில்லை. வாடகைக்குக் கிடைக்கும் வெல்வெட் அங்கியை செப்டம்பர் வெயிலில் போட்டால் ஒரு மணி நேரத்தில் கழற்றத் தோன்றும். நம் பருத்தி வேட்டி, சேலை தாராளமாகப் பொருந்தும். கிருஷ்ணதேவராயர் பட்டமேறியதும் எட்டாம் ஹென்றி பட்டமேறியதும் ஒரே 1509ஆம் ஆண்டு, எனவே விஜயநகரத்து வணிகராகப் போகிறவரை யாரும் காலம் தவறி வந்தவர் என்று சொல்ல முடியாது. பட்டு மட்டும் வேண்டாம், புழுதி போகாது. செருப்புக்குப் பதில் மூடிய காலணி. பாதையெங்கும் மரவேரும் சரளையும் இருப்பதால் ஸ்ட்ரோலர், சக்கர நாற்காலி இரண்டுக்கும் பெரிய சக்கரம் தேவை. பெஞ்சுகளுக்கு முதுகுச்சாய்வு கிடையாது, பெற்றோருக்கு ஆளுக்கொரு சின்னத் திண்டு எடுத்துப் போங்கள். இந்த ஒரு பொருள்தான் அவர்கள் மூன்றாவது ஷோவுக்கு வருவார்களா என்பதைத் தீர்மானிக்கும்.

சாப்பாட்டை 11.30க்கே முடியுங்கள், 1 மணி வரிசை ஒரு ஷோவை விழுங்கிவிடும். பொதுவாக ஃபேர்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இருக்காது. புளியோதரை டப்பா காரில் இருக்கட்டும், வெளியே போய்த் திரும்பலாமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வான்கோழிக் கால் ஒன்று இரண்டு பேருக்குக் காணும். உப்பு தூக்கலாக இருக்கும், தண்ணீர் வேண்டும். சைவர்களுக்குச் சோளம், சுட்ட உருளைக்கிழங்கு, பொரித்த காளான், பாலாடைக்கட்டி கிடைக்கும். பொரித்த எண்ணெய் பொதுவா என்று கேளுங்கள். சூப் இறைச்சிச் சாறில் செய்ததாக இருக்கலாம். ஸ்காட்ச் எக் என்ற பெயரைப் பார்த்து முட்டைதானே என்று அம்மாவுக்கு வாங்கிவிடாதீர்கள், அதைச் சுற்றியிருப்பது பன்றியிறைச்சி.

மாலை 6.30க்கு மேல் வெளியே போகும் கார்வரிசை நீளும். நடக்கத் தெம்பிருந்தால் கடைசிக் கூட்டுப்பாட்டுக்கு நின்றுவிட்டு, எல்லோரும் கலைந்தபின் நிதானமாகக் கிளம்பலாம். பாட்டு வரிகள் சில பிள்ளைகள் காதுக்கு ஆகாதவை. பெற்றோர் சோர்ந்துவிட்டால் 5 மணிக்கே புறப்படுங்கள், அப்போது சாலை காலியாக இருக்கும்.